காலைத் திருத்த வந்த ஷூ: ஜெல்-கயானோவின் 30 பதிப்புகளை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஓட ஆரம்பித்த புதிதில், முதல் நல்ல ஷூ வாங்க ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரப் பையன் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்தார். பாதத்தை நனைத்து, பழுப்புக் காகிதத்தின் மேல் நிற்கச் சொன்னார். தடம் முழுசாக விழுந்தது. நடுவில் வளைவே இல்லை. “சார், உங்களுக்கு ஃபிளாட் ஃபுட். கால் உள்பக்கம் சாயும். நீங்க ஸ்டெபிலிட்டி ஷூதான் போடணும்” என்று சொல்லி, விலை கூடிய அடுக்கைக் காட்டினார். நான் ஓடிக் காட்டவில்லை. அவரும் ஓடச் சொல்லவில்லை. ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு முடிந்து, பெட்டியோடு வெளியே வந்தேன்.

மூன்று மாதத்தில் முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. ஷூதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அதே மாதங்களில் ஓடும் தூரத்தையும் அவசரப்பட்டுக் கூட்டியிருந்தேன். ஆனால் ஒரு கேள்வி மட்டும் மனசில் தங்கிவிட்டது. அன்று கடையில் மதிப்பெண் வாங்கியது என் கால். ஷூவை யாருமே மதிப்பிடவில்லை. அதைப் போட்டுக்கொண்டு ஓடினால் எப்படி இருக்கிறது, எங்கே அழுத்துகிறது, எங்கே தளர்கிறது என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது, அது எப்படி மாறிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க ஒரே ஒரு ஷூ வரிசையை எடுத்துக்கொண்டிருக்கிறேன்: ஆசிக்ஸ் நிறுவனத்தின் ஜெல்-கயானோ. 1993-ல் முதல் பதிப்பு, 2023-ல் 30-வது பதிப்பு. ஏறத்தாழ ஆண்டுக்கு ஒன்று. ஒரே பெயரில், ஒரே வகை ஓட்டக்காரரை மனதில் வைத்து இவ்வளவு காலம் தொடர்ந்து வந்த ஷூக்கள் குறைவு. ஸ்டெபிலிட்டி ஷூ என்றாலே பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். அதனால், ஓட்ட ஷூ உலகம் காலைப் பற்றி என்ன நினைத்தது என்பதன் தடம் இந்த ஒரு வரிசையிலேயே பதிந்திருக்கிறது.

கொப்புளத்தில் தொடங்கிய கம்பெனி

கயானோவுக்கு முன்னால் ஒரு சின்னக் கதை. ஆசிக்ஸின் மூதாதை, கிஹாச்சிரோ ஒனிட்சுகா 1949-ல் ஜப்பானின் கோபே நகரில் தொடங்கிய கம்பெனி. அந்தக் காலத்தில் மாரத்தான் ஓடுபவர்களுக்கு உள்ளங்கால் கொப்புளம் என்பது தவிர்க்க முடியாத தண்டனை. ‘ஓடினால் வரத்தான் செய்யும்’ என்று எல்லோரும் விட்டுவிட்ட விஷயத்தை ஒனிட்சுகா விடவில்லை. தரையில் மோத மோத ஷூவுக்குள் சூடு ஏறுகிறது, அந்தச் சூடுதான் தோலைக் கெடுக்கிறது என்று பிடித்துக்கொண்டார். மோட்டார் சைக்கிள் எஞ்சின் காற்றால் குளிர்வதைப் போலப் பாதத்தையும் காற்றால் குளிர வைக்கலாமே என்று யோசித்து, காற்று உள்ளே புகுந்து வெளியேறும் துளைகளோடு ஒரு ஷூவைக் கொண்டுவந்தார். 1959-ல் வந்த அதன் பெயர் மேஜிக் ரன்னர்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஓடி மாரத்தான் தங்கம் வென்ற எத்தியோப்பியர் அபெபே பிகிலா, 1961-ல் ஜப்பானுக்கு மைனிச்சி மாரத்தான் ஓட வந்தார். ஒனிட்சுகா அவரை நேரில் பார்த்துப் பேசி, தன் ஷூவைப் போட்டு ஓடச் சம்மதிக்க வைத்தார். பிகிலா வென்றார். வெறுங்காலே போதும் என்று உலகுக்குக் காட்டிய ஒருவரைச் சம்மதிக்க வைப்பது சாதாரண விஷயமா? ஓடுகிறவரின் காலில் என்ன நடக்கிறது என்று முதலில் கேட்டு, அப்புறம் ஷூவைச் செய்த ஒருவரால்தான் அது முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1977-ல் அந்தக் கம்பெனி வேறு இரண்டு நிறுவனங்களோடு இணைந்து ஆசிக்ஸ் ஆனது. 1986-ல் சிலிக்கோன் கலந்த மெத்தென்ற ஜெல்லைக் குதிகாலுக்கு அடியில் வைக்க ஆரம்பித்தார்கள். ‘ஜெல்’ என்ற முன்னொட்டு அப்படி வந்ததுதான்.

வண்டிலிருந்து வந்த வடிவம்

‘கயானோ’ என்பது ஒரு மனிதரின் பெயர். 1993-ல் முதல் பதிப்பை வடிவமைத்த தோஷிகாசு கயானோ அப்போது இளம் வடிவமைப்பாளர். அவர் மாதிரியாக எடுத்துக்கொண்டது மான்கொம்பு வண்டை. ஜப்பானில் சிறுவர்கள் பிடித்து வளர்க்கும் வண்டு அது. கெட்டியான ஓடு, முன்னால் கொம்பு போன்ற தாடை. ஷூவின் மேல்பகுதியில் காலைச் சுற்றிப் பிடிக்கும் கெட்டியான துண்டுகளாக அந்த ஓடும் கொம்பும் உருமாறின.

அந்த வண்டை நான் முக்கியமாக நினைக்கிறேன். வண்டின் ஓடு உள்ளே இருக்கும் மென்மையான உடலைக் காக்கிறது. ஆனால் ஓடு வளையாது. கயானோவின் அடுத்த முப்பது ஆண்டுகளும் இந்த இழுபறிதான். ஷூ காலைக் காக்க வேண்டும், அதற்காக எவ்வளவு கெட்டியாக இருக்கலாம்?

உள்பக்கத்து முட்டு

கால் தரையில் பதியும்போது பெரும்பாலும் குதிகாலின் வெளி ஓரம் முதலில் தொடும். பிறகு பாதம் உள்பக்கமாகச் சற்றுச் சாய்ந்து, வளைவு தாழ்ந்து, உடல் எடையை ஏந்திக்கொள்ளும். இதைத்தான் ப்ரொனேஷன் என்கிறார்கள். உள்சாய்வு என்று சொல்லிக்கொள்வோம். இது நோய் இல்லை. ஓடும்போது தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு வரும். அதை வாங்கிக்கொள்ள உடம்பு வைத்திருக்கும் ஸ்பிரிங் அது.

1970-களில் அமெரிக்காவில் ஓட்டம் பெரிய அலையாகப் பரவியது. கூடவே முழங்கால் வலி, கணுக்கால் வலி என்று மருத்துவரிடம் வரிசை. சிலருக்குச் சாய்வு அதிகமாக இருப்பது கண்ணில் பட்டது. ‘சாய்வு அதிகம், அதனால் காயம், சாய்வைத் தடுத்தால் காயம் நிற்கும்’ என்ற கணக்கு பிறந்தது. கேட்டவுடன் நியாயமாகப் படும் கணக்கு. சாயும் சுவருக்கு முட்டுக்கொடுப்பது போல, ஷூவின் மிட்சோலில், அதாவது பாதத்துக்கும் தரையைத் தொடும் அடிக்கும் நடுவில் இருக்கும் நுரை அடுக்கில், உள்பக்கம் மட்டும் கெட்டியான நுரையை வைத்தார்கள். ஷூவைத் திருப்பிப் பக்கவாட்டில் பார்த்தால் வளைவுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு தெரியுமே, அதுதான். கயானோவில் அதற்கு டுவோமேக்ஸ் என்று பெயர். பல பதிப்புகளில் அது இந்த ஷூவின் முகவரி போலவே இருந்தது. பெயரும் வடிவமும் மாறினாலும், 29-வது பதிப்பு வரை உள்பக்கத்தில் கெட்டி நுரை ஏதாவது ஒரு உருவில் இருந்துவந்தது.

இதிலிருந்து கடைகளுக்கு ஒரு சுலப வழி கிடைத்தது. தடம் முழுசாக விழுந்தால் முட்டு மிகக் கெட்டியான மோஷன் கன்ட்ரோல், நடுத்தரமாக விழுந்தால் அதைவிட மிதமான ஸ்டெபிலிட்டி, நடுவில் ஒடுங்கினால் முட்டு இல்லாத, மெத்தை அதிகமுள்ள நியூட்ரல். மூன்று தடம், மூன்று அடுக்கு. என் கால் விழுந்தது இப்படியொரு பட்டியலில்தான். ஆனால் நின்றுகொண்டு பதித்த தடம், ஓடும்போது அந்தக் கால் என்ன செய்யும் என்பதைச் சொல்லாது. இது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

கணக்கைச் சரிபார்த்தபோது

இந்தக் கணக்கைப் பெரிய அளவில் சோதித்தது அமெரிக்க ராணுவம். அடிப்படைப் பயிற்சிக்கு வரும் புதியவர்கள் எல்லோருக்கும் ஷூ தர வேண்டும். காயம்பட்டவர்கள் எத்தனை பேர் என்று பதிவு இருக்கும். சோதிக்க அதைவிட நல்ல இடம் வேறு இல்லை. ஜோசப் நாப்பிக் தலைமையிலான ஆய்வாளர்கள் ஃபோர்ட் ஜாக்சன் முகாமில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பாதத் தடத்தின்படி ஷூ. இன்னொரு பாதிக்குத் தடம் எப்படி இருந்தாலும் ஒரே ஸ்டெபிலிட்டி ஷூ. 2009-ல் முடிவு வெளிவந்தது: காயத்தில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. விமானப்படையிலும் கடற்படைக் காலாட்படையிலும் அதே சோதனையைச் செய்தார்கள். 2010-ல் வந்த அந்த முடிவுகளும் அப்படியேதான்.

2011-ல் வந்த ஒரு சிறிய ஆய்வு இன்னும் உறுத்தலானது. அரை மாரத்தானுக்கு 13 வாரம் பயிற்சி எடுத்த 81 பெண்களுக்கு மூன்று வகை ஷூக்களைப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சாய்வு மிக அதிகமாக இருந்தவர்களில் மோஷன் கன்ட்ரோல் ஷூ வாங்கிய ஒவ்வொருவரும் வலி வந்ததாகச் சொன்னார்கள். யாருக்காக அந்த ஷூ செய்யப்பட்டதோ அவர்களுக்கே! எண்ணிக்கை சிறியது, அதை மறந்துவிடக் கூடாது. ஆனால் 2014-ல் டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு ஒரே நியூட்ரல் ஷூவைக் கொடுத்து ஓராண்டு கவனித்த ஆய்வும், சாய்வு உள்ள கால்களுக்கு அதனால் ஆபத்து கூடியதாகக் காட்டவில்லை.

எதிர்ச்சாட்சியும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். லக்சம்பர்கில் 372 பேரை ஆறு மாதம் கவனித்த ஆய்வு 2016-ல் வந்தது. யார் எந்த ஷூ போட்டிருக்கிறார் என்று ஓடுபவருக்கும் தெரியாது, ஆய்வாளருக்கும் தெரியாது. அதில் மோஷன் கன்ட்ரோல் அம்சம் சேர்த்த ஷூவைப் போட்டவர்களுக்குக் காயம் குறைந்தது. முக்கியமாகச் சாய்வு உள்ளவர்களுக்கு. ஆக, முட்டு நுரை வெறும் ஏமாற்று என்று யாராவது சொன்னால் அதையும் நான் ஏற்க மாட்டேன். சிலருக்கு அது உதவுகிறது. அந்தச் சிலர் யார் என்பதை ஈரத் தடம் காட்டிக்கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

‘செருப்புக்கு ஏற்றபடி காலைத் தறிப்பதா’ என்று நம் ஊரில் கேட்பார்கள். முப்பது நாற்பது ஆண்டுகளாக ஓட்ட ஷூ விற்பனையில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். காலில் குறை கண்டுபிடித்து, அதற்குத் திருத்தம் விற்றார்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சௌகரியத்தை எப்படி அளப்பது?

கனடாவில் கல்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக் பல ஆண்டுகள் ஓட்டத்தின் இயக்கவியலை ஆராய்ந்தவர். அவரும் சக ஆய்வாளர்களும் 2015-ல் ஒரு கட்டுரையில் முன்வைத்த யோசனை எளிமையானது: ஒவ்வொரு உடம்புக்கும் தனக்குப் பிடித்த அசைவுப் பாதை ஒன்று உண்டு. ஷூ அதிலிருந்து காலை விலக்கினால் தசைகள் கூடுதலாக உழைத்து எதிர்க்கும். அப்படி விலக்காத ஷூவை உடம்பு ‘சௌகரியம்’ என்று உணரும். அதனால் சௌகரியத்தையே சல்லடையாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

இதற்குப் பின்னால் இருந்த பழைய ஆதாரங்களில் ஒன்று 2001-ல் வந்தது. 206 ராணுவத்தினரை வைத்து நடந்த ஆய்வில், ஒரு பிரிவினருக்கு ஆறு வகை இன்சோல்களை, அதாவது ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் போடும் மெத்தைகளை, காட்டி, யாருக்கு எது இதமாக இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான்கு மாதத்தில், இன்சோல் இல்லாதவர்களைவிட அவர்களுக்கு எலும்பு அழுத்த முறிவும் வலியும் குறைவாக இருந்தன. எனக்குப் பிடித்த செய்தி வேறு: எல்லோரும் ஒரே இன்சோலை எடுக்கவில்லை. ஒருவருக்கு இதமானது இன்னொருவருக்கு இல்லை.

இந்தச் சல்லடை இன்னும் முழுசாக நிரூபணமான உண்மை ஆகிவிடவில்லை. சௌகரியமான ஷூவில் ஆக்சிஜன் செலவு சற்றுக் குறைகிறது என்று ஒரு சிறு ஆய்வு சொன்னது. அப்படி எதுவும் இல்லை என்று பின்னால் வந்த ஆய்வு சொன்னது. ஆனாலும் ஈரத் தடத்தைவிட இது நேர்மையான தொடக்கம் என்று நினைக்கிறேன். போட்டு ஓடுகிறவரிடமே கேட்கிறார்களே!

‘வசதியாக இருக்கா?’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் ‘இருக்கு’ என்றுதான் பதில் வரும். அதனால் அதே கல்கரிக் குழு 2002-ல் கேள்வியை ஒன்பதாகப் பிரித்தது. மொத்தத்தில் எப்படி, குதிகால் மெத்தை, முன்பாத மெத்தை, பக்கவாட்டில் பிடிப்பு, வளைவின் உயரம், குதிகால் கப்பின் பொருத்தம், குதிகால் அகலம், முன்பாத அகலம், நீளம். ஒவ்வொன்றுக்கும் 15 சென்டிமீட்டர் நீளக் கோடு. ஒரு முனை ‘துளியும் வசதி இல்லை’, மறுமுனை ‘இதற்குமேல் வசதி இருக்க முடியாது’. ஓடி முடித்ததும் கோட்டில் ஒரு குறி. இடையிடையே ஒப்பீட்டுக்காக ஒரே இன்சோலைத் திரும்பத் திரும்பப் போட வைத்தார்கள், மதிப்பிடுகிறவரின் அளவுகோல் நகர்ந்துவிடாமல் இருக்க. ஒரே நாளில் போட்ட குறிகளை நம்ப முடியவில்லை. பல அமர்வுகளுக்குப் பிறகுதான் பதில்கள் நிலைத்தன. இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கடையில் இரண்டு நிமிடம் நடந்து பார்த்து நாம் எடுக்கும் முடிவுக்கு என்ன மதிப்பு?

நானே செய்து பார்த்தது

இதைப் படித்த பிறகு ஒரு மாதம் வீட்டிலேயே முயன்றேன். நண்பரிடம் கடன் வாங்கிய ஜோடி ஒன்று, என்னுடையது ஒன்று. இரண்டும் நியூட்ரல் வகை, இரண்டின் பெயரும் இங்கே வேண்டாம். ஒப்பீட்டுக்கு என் பழைய ஷூ. பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஒரே பாதை, ஒரே காலுறை, விடிகாலை ஒரே நேரம். திரும்பி வந்து வாசல்படியில் உட்கார்ந்தபடியே ஒன்பது கோடுகள்.

முதல் நாள் கடன் வாங்கிய ஷூ எல்லாக் கோட்டிலும் முந்தியது. குதிகால் பஞ்சில் இறங்குவது போல இருந்தது; கடையில் பார்த்திருந்தால் அப்போதே காசைக் கொடுத்திருப்பேன். மூன்றாம் முறை பத்து கிலோமீட்டர் ஓடினேன். எட்டாவது கிலோமீட்டரில் வலது சுண்டு விரல் ஓரத்தில் உரசல். அப்புறம் ஒவ்வொரு தடவையும் அதே இடம். நான்காம் ஐந்தாம் முறைகளில் ‘முன்பாத அகலம்’ கோட்டில் என் குறி மளமளவென இடப்பக்கம் இறங்கியது. விசித்திரம் என்னவென்றால், கூடவே ‘குதிகால் மெத்தை’ கோட்டிலும் குறி இறங்கியது. குதிகாலில் எதுவும் மாறவில்லை. விரல் வலியை ஒதுக்க நான் கால் வைக்கும் விதத்தை மாற்றியிருக்கிறேன் போல. ஓரிடத்து அசௌகரியம் ஷூ முழுதையும் கெடுத்துவிடுகிறது.

என்னோடு ஓடும் அக்கா ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, ரெண்டு நாள் கடிக்கும், அப்புறம் பழகிடும்னு சொல்றதெல்லாம் தோல் செருப்புக்கு. இது நைலான். பழகாது, உன்னைத்தான் பழக்கும்.” தோல் ஈரத்தில் இளகிக் காலின் வடிவத்துக்கு வரும். இன்றைய ஷூவின் மேல்வலை அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்காது. முதல் நாள் கடிக்கிற ஓட்ட ஷூவை நம்பிக்கையோடு வாங்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அவரிடம் கற்றதுதான்.

முப்பதாவது கயானோ

இந்த ஒன்பது கோடுகளை மனதில் வைத்துக்கொண்டு 2023-ன் ஜெல்-கயானோ 30-ஐப் பார்த்தால், வடிவமைப்பாளர்கள் எங்கே முடிவை மாற்றினார்கள் என்று புரிகிறது.

முதல் செய்தி, முட்டு நுரை போய்விட்டது. காலின் உள்பக்கத்தில் கெட்டித் துண்டு எதுவும் இல்லை. அதன் இடத்தில் வளைவுக்குக் கீழே செருகியிருப்பது சுற்றியுள்ள நுரையைவிட மென்மையான, துள்ளல் அதிகமான நுரை. பழைய சிந்தனைக்கு நேர் எதிர்! கால் சாயும்போது இந்த நுரை அமுங்கிக்கொடுக்கும், பிறகு நிமிர்ந்து காலைத் திருப்பி அனுப்பும். சாய்வு நடக்கட்டும், முடிந்ததும் திரும்பி வர ஒரு கை கொடுப்போம் என்பதுதான் எண்ணம். நிறுவனம் இதற்கு 4டி கைடன்ஸ் சிஸ்டம் என்று பெயர் வைத்திருக்கிறது. பெயர் கொஞ்சம் பெரிதுதான், ஆனால் யோசனை தெளிவானது.

இரண்டாவது, அகலம். குதிகாலில் ஏறத்தாழ 40 மி.மீ., முன்பாதத்தில் 30 மி.மீ. உயரம் இந்த ஷூவுக்கு. இவ்வளவு மெத்தையான நுரையின் மேல் இவ்வளவு உயரத்தில் நின்றால் தள்ளாட வேண்டும். தள்ளாடாமல் இருக்க அடிப்பகுதியை அகலமாக விரித்திருக்கிறார்கள். குத்துவிளக்கு எவ்வளவு உயரமானாலும் அடித்தட்டு அகலமாக இருந்தால் சாயாது, இல்லையா? அதே கணக்கு. நிலைத்தன்மையை நுரையின் கெட்டியிலிருந்து வடிவத்துக்கு மாற்றிவிட்டார்கள். இந்த வரிசையின் 30 ஆண்டில் மிகப் பெரிய முடிவு இதுதான் என்பது என் கருத்து. கெட்டி நுரை எல்லாக் காலையும் ஒரே மாதிரி தள்ளும், சாயாத காலையும் சேர்த்து. அகலமான அடி சாயாத காலைத் தொந்தரவு செய்வதில்லை. சாயும் கால் ஓரத்துக்கு வரும்போது மட்டும் தாங்குகிறது.

குதிகாலின் பின் ஓரத்தைச் சரிவாகச் சீவியிருப்பதும் இதோடு சேர்ந்ததுதான். தரையை முதலில் தொடும் இடம் கூர்மையான விளிம்பாக இருந்தால் கால் படாரென்று கீழே அறையும். சரிவு இருந்தால் உருண்டு இறங்கும். ஜெல் இன்னும் குதிகாலில் இருக்கிறது, ஆனால் வெளியே தெரியாமல் நுரைக்குள் போய்விட்டது. பழைய ஜெல்லைவிட ஏறத்தாழ 65% மென்மை என்பது நிறுவனத்தின் கணக்கு. ஒரு காலத்தில் கண்ணாடிச் சன்னல் போல வெளியே காட்டி விற்ற பொருள் அது. இப்போது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காலுக்குத் தெரிந்தால் போதும் என்று முடிவெடுத்ததை நான் மதிக்கிறேன்.

இதற்கெல்லாம் விலை உண்டு. ஆண்களின் நடுத்தர அளவில் எடை 300 கிராமை ஒட்டி வருகிறது. வேகப் பயிற்சிக்கு எடுக்கும் ஷூக்கள் பல இதைவிட நன்றாகவே இலேசு. அகலமான அடியின் உள் ஓரம், ஓடும்போது கால்களைக் கிட்டத்தில் வைக்கும் சிலருக்கு மறுகாலில் உரசலாம். 10 மி.மீ. டிராப், அதாவது குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம், கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் சுமையைக் குறைத்து முழங்கால் பக்கம் கூட்டும். கெண்டைக்கால் இறுகிப்போகிறவருக்கு இது நல்லது. முழங்கால் வலி உள்ளவர் யோசித்து வாங்க வேண்டும். நிதானமாக, நீண்ட தூரம், வாரத்துக்கு நான்கு நாள் ஓடுகிறவருக்கு, அதிலும் களைத்த பிறகு கால் தளர்ந்து உள்ளே விழுகிறது என்று உணர்கிறவருக்கு, இந்த வடிவமைப்பு யோசனையோடு செய்த வேலை. ஐந்து கிலோமீட்டரை வேகமாக ஓட நினைப்பவருக்கு இது தேவையில்லை.

மேல்பகுதியில் மான்கொம்பு வண்டு காணாமல் போய்விட்டது. கெட்டித் துண்டுகள் குறைந்து, பின்னல் துணிதான் காலைப் பிடித்துக்கொள்கிறது. குதிகாலைச் சுற்றி மட்டும் தடித்த மெத்தை.

எந்தக் காலுக்குச் செய்த அச்சு?

எவ்வளவு நல்ல நுரை வைத்தாலும் ஷூ ஒரு அச்சின் மேல்தான் தைக்கப்படுகிறது. லாஸ்ட் என்று சொல்லும் அந்தப் பாத வடிவக் கட்டைதான் முன்பாத அகலத்தையும் குதிகால் பிடிப்பையும் தீர்மானிக்கிறது. இந்தியாவில் நாம் வாங்கும் அளவு எண்கள் பிரிட்டிஷ் கணக்கில் வந்தவை. நம் காலுக்கு அது பொருந்துகிறதா என்று பார்க்க, சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. தெரிந்தது இதுதான்: நம் கால்கள், நாம் போடும் ஷூக்களைவிட முன்பாதத்தில் அகலம். அகலம் போதாமல் இறுக்குவதால், பலர் நீளம் கூடுதலான ஷூவை வாங்கிக்கொள்கிறார்கள். இதற்குப் பதிலாக ‘பா’ என்ற பெயரில், பாரத் என்பதன் முதல் எழுத்தில், எட்டு அளவுகள் கொண்ட புது முறையை அந்த நிறுவனம் முன்மொழிந்திருக்கிறது.

என் சுண்டு விரலில் நடந்தது என்ன என்று இதைப் படித்தபோதுதான் புரிந்தது. நீளம் சரியாக இருந்த ஷூ அகலத்தில் குறைந்திருந்தது. அகலத்துக்காக ஒரு எண் கூட்டினால் குதிகால் உள்ளே வழுக்கும். வழுக்கினால் பின்னால் கொப்புளம். ஒனிட்சுகா 1959-ல் விரட்டிய அதே கொப்புளம். இந்த இடத்தில் கயானோ வரிசையில் எனக்குப் பிடித்த விஷயம், ஒரே நீளத்தில் டூ-ஈ, ஃபோர்-ஈ என்று அகலமான பதிப்புகளும் அதில் உண்டு. கேட்டு வாங்க வேண்டும். நம் ஊர்க் கடை அடுக்கில் பெரும்பாலும் வழக்கமான அகலம் மட்டும்தான் இருக்கிறது. கடைக்காரர்கள் ஈரத் தடத்துக்குச் செலவிடும் ஐந்து நிமிடத்தில் முன்பாத அகலத்தை ஒரு டேப்பால் அளந்தால் எத்தனை பேர் காலைக் காப்பாற்றலாம்!

இன்று யாராவது என்னை ஷூ வாங்கக் கூட்டிப்போனால் செய்வது இதுதான். சாயங்காலம் போவோம், நாள் முழுக்க நின்று நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், நீண்ட ஓட்டத்திலும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடும் காலுறையையே எடுத்து வரச் சொல்வேன். ஷூவின் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, அதன் மேல் நிற்கச் சொல்வேன். பாதம் ஓரங்களில் வழிந்தால் அந்த ஷூ வேண்டாம், நுரையைப் பற்றிப் பேசவே தேவையில்லை. நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். அப்புறம் கடைக்கு வெளியே நடைபாதையில் கொஞ்ச தூரம் உண்மையாகவே ஓடச் சொல்வேன். சில கடைகளில் விடமாட்டார்கள். வேறு கடைக்குப் போவோம். இரண்டு ஷூ சரியாகப் பட்டால், இடது காலில் ஒன்றும் வலது காலில் ஒன்றுமாகப் போட்டு ஓடி, பிறகு மாற்றிப் போட்டு ஓடினால் வித்தியாசம் சட்டென்று தெரியும்.

பலருக்கும் இரண்டு கால்கள் ஒரே அளவில் இருப்பதில்லை. எனக்கு வலது பெரிது. பெரிய காலுக்கு அளவு எடுத்து வாங்கிவிட்டு, சின்ன காலில் மேலே இருக்கும் கடைசித் துளையையும் சேர்த்து லேஸைக் கோத்துக் கட்டுகிறேன். பெரும்பாலானவர்கள் அந்தத் துளையை வெறும் அலங்காரம் என்று விட்டுவிடுகிறார்கள். அதில் கோத்தால்தான் குதிகால் பின்னால் போய் உட்கார்கிறது.